மருந்தடிக்காத மரம்

எங்க அண்ணிக்கு அந்தக் கொய்யா மரத்து மேல ஒரு ஆசையும் கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா தெருவே அவங்களுக்குக் கொய்யாப் பைத்தியம்னு பேர் வச்சிருந்துச்சு. பைத்தியமாவது ஒண்ணாவது! கொய்யாப்பழத்தை அவங்க வாயில வச்சு நான் பார்த்ததே இல்லை. விதை பல்லுல மாட்டுதாம். அவங்க பட்ட பாடெல்லாம் எங்க அண்ணனோட மூச்சுக்காக. அது தெரிஞ்சும் தெரியாத மாதிரி பேசினவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அண்ணி சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

நான் அவங்க நாத்தனார். கண்ணாடிக் கடையில வேலை. வர்றவங்க மூக்கு அளவு, காது அளவு பார்த்து ஃப்ரேம் மாட்டி விடுவேன். அம்பது தாண்டியும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் நான் பாப்பாதான். கல்யாணம் பண்ணிக்கலை, கேட்காதீங்க. அவங்களுக்கும் பிள்ளைங்க இல்லை. ஒரே வீட்டுல மூணு பேர். எனக்கும் அண்ணிக்கும் வாய்ச்சண்டை இல்லாத நாள் கிடையாது. உப்புக்குச் சண்டை, ஃபேனுக்குச் சண்டை, ஈரத்துண்டை எங்க போடறதுன்னு சண்டை. அண்ணன் நடுவுல மாட்டிக்கிட்டு, "நான் செவிடுப்பா, எனக்கு ஒண்ணும் கேட்கலை"ன்னு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுப்பான்.

அண்ணனுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. முதுகுல தொட்டி, கையில குழாய். குடோன், ஹோட்டல், ஆஸ்பத்திரி, தோட்டம், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவான். கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணி ஒரு பெரிய தையல் யூனிட்ல காலர் தைச்சுட்டு இருந்தாங்க. அங்க கரப்பான் தொல்லைன்னு அண்ணன் மருந்தடிக்கப் போயிருக்கான். மருந்து பட்டதும் மிஷினுக்கு அடியில இருந்து அதுங்க வெளிய ஓடியாந்திருக்கு. அண்ணி துணி வெட்டுற மேசை மேல ஏறி நின்னு கத்தின கத்துல சூப்பர்வைசர் ஓடி வந்துட்டாராம். "இறங்குங்க, செத்துடுச்சு"ன்னு அண்ணன் சொல்லியிருக்கான். "நிஜமா செத்துடுச்சான்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னு இவங்க. அதுக்கப்புறம், நிஜமா செத்துடுச்சான்னு பார்க்கறதுக்குன்னே நம்ம ஆளு வாரத்துக்கு ரெண்டு தடவை அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சுட்டான். அந்த யூனிட் மாதிரி சுத்தமான இடம் இந்த ஊர்லயே கிடையாதுன்னு ஆயிடுச்சு.

கம்பெனியில ஒரு மாஸ்க் குடுத்தாங்க. அதை அண்ணன் கழுத்துல மாலை மாதிரி தொங்க விட்டுக்குவான். போட்டா மூச்சு முட்டுதாம். ராத்திரி வீட்டுக்கு வந்தா அந்த வாடை எங்க மூணு பேருக்கும் முன்னாடி சாப்பிட உட்காரும். அண்ணி அவன் சட்டையைத் தனி வாளியில ஊற வச்சு, தனியாத் துவைச்சு, தனிக் கொடியில காயப் போடுவாங்க. "மருந்து"ன்னுதான் எல்லாரும் சொல்வோம். விஷத்துக்கு மருந்துன்னு பேர் வச்சவன் யாருன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்பேன்.

இருபது இருபத்தஞ்சு வருஷம் அப்படிப் போச்சு. முதல்ல இருமல். அப்புறம் படி ஏறினா இளைப்பு. அப்புறம் உட்கார்ந்த இடத்துலயே இளைப்பு. வேலையை விட்டாச்சு. ஒரு நாள் எதிர்த்த வரிசையில ஒரு வீட்டுல கரையானுக்கு மருந்து அடிச்சாங்க. எங்க வீட்டுல இல்லை, எதிர்த்த வரிசையில. காத்து இந்தப் பக்கம் திரும்பிச்சு, அவ்வளவுதான். அண்ணன் உதடு நீலமாயிடுச்சு. ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டுட்டுப் போனோம். ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்கு அனுப்பறப்ப டாக்டரம்மா அண்ணியைத் தனியாக் கூப்பிட்டாங்க. நானும் கூடவே போனேன். "நுரையீரல்ல மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். அதை வச்சு அவர் பத்து வருஷம்கூட இருக்கலாம். ஆனா இன்னொரு தடவை அந்த மருந்துக் காத்து உள்ள போச்சுன்னா, அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா." அண்ணி தலையை ஆட்டினாங்க. வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சு, "அவர்கிட்ட பத்து வருஷம்கிறதை மட்டும் சொல்லு"ன்னாங்க.

அன்னிலேர்ந்து எங்க அண்ணிக்கு ஒரே வேலைதான். எங்க சுத்துவட்டாரத்துல யாரும் மருந்தடிக்காமப் பார்த்துக்கறது.

எங்க வீட்டுக்குத் தகரக் கூரை. வெயில் ஏறினா உள்ள இருக்க முடியாது, வேகும். கொல்லைப்புறத்துல ஒரு கொய்யா மரம், நல்லாப் பரந்து வளர்ந்தது. அது நிழல்ல ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு அண்ணனை உட்கார வச்சுட்டா சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் சீரா மூச்சு விடுவான். அண்ணி தையல் மிஷினைக் கொல்லைக் கதவுகிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. பேண்ட் இடுப்பு பிடிக்கறது, ஜிப்பு மாத்தறது, ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கறதுன்னு தெருவோட ஆல்ட்டர் வேலையெல்லாம் அங்கதான் நடக்கும். ஒரு கண்ணு ஊசி மேல, ஒரு கண்ணு நாற்காலி மேல.

அந்த மரத்துலதான் மாவுப்பூச்சி வந்துச்சு. இலைக்கு அடியில, காம்புல, பிஞ்சுக்கும் கிளைக்கும் நடுவுல, வெள்ளை வெள்ளையாப் பஞ்சு ஒட்டின மாதிரி. அது சாறை உறிஞ்சிட்டுப் பிசுபிசுன்னு ஒரு பாகைக் கழியும். அந்தப் பாகு மேல கரி பூசின மாதிரி கறுப்பு படியும். எங்க மரத்துல பாதி, சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. அங்க பக்கத்து வீட்டுக்காரரோட வெள்ளைக் கார் நிக்கும். அந்தக் காரை அவர் குழந்தை மாதிரி குளிப்பாட்டுவார். அதனால அவருக்குக் கார்க்காரர்னே பேர். ஒரு நாள் காலையில வந்து, "சிஸ்டர், கொஞ்சம் வெளிய வர்றீங்களா"ன்னு கூப்பிட்டு, காரோட தலையில விரலை வச்சு எடுத்துக் காட்டினார். விரல் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சு.

"எங்க வீட்டு எலுமிச்சையிலயும் வெள்ளை வந்தாச்சு. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு தடவை அடிச்சுட்டா முடிஞ்சுது"ன்னார். அண்ணி விஷயத்தைச் சொன்னாங்க. அவர் நல்ல மனுஷன்தான், இல்லைங்கலை. "அன்னைக்கு ஒரு நாள் அவரை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்களேன்"ன்னார். எங்கங்க கூட்டிட்டுப் போறது? அந்த வாடை ஒரு நாள்லயா போகும்? மண்ணுல, சுவர்ல, துணியில எல்லாம் ஏறி உட்காரும். அதை அண்ணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், அந்தச் சட்டைகளைத் துவைச்ச கை அது. மரத்தை வெட்டிடலாம்னு நான் சொன்னேன். "வெட்டினா பூச்சி அவங்க எலுமிச்சைக்குப் போகும். அப்ப அவங்க நம்மளைக் கேட்காமலே அடிப்பாங்க. உங்க அண்ணன் வேற எந்த நிழல்ல உட்காருவாரு?" அதுவும் நியாயம்தான். கடைசியில அண்ணி கார்க்காரர்கிட்ட ஒரு தவணை வாங்கினாங்க. இந்தக் காய்ப்பு முடியறதுக்குள்ள பூச்சியைச் சுத்தமா ஒழிச்சுடறேன், உங்க எலுமிச்சையையும் சேர்த்து நானே பார்த்துக்கறேன், அதுவரைக்கும் அடிக்காதீங்கன்னு. அவரும் சரின்னுட்டார்.

கரப்பானைப் பார்த்து மேசை மேல ஏறின ஆளு இப்ப பூச்சியோட குடித்தனம் பண்ண ஆரம்பிச்சாங்க.

சலவை சோப்பைத் துருவித் தண்ணியில கரைச்சு, இலைக்கு அடியில படற மாதிரி தெளிப்பாங்க. வெயில் தாழ்ந்த பிறகுதான். இல்லைன்னா இலை கருகுது. மறுநாள் காலையில நல்ல தண்ணியைப் பீய்ச்சிக் கழுவி விடுவாங்க. வேப்பெண்ணெய் ஒரே தடவைதான் கலந்தாங்க. அந்த நெடிக்கே அண்ணன் இருமினான், அதோட அது ஓரங்கட்டியாச்சு. பழைய டூத்பிரஷ்ஷால கிளை கிளையாத் தேய்ப்பாங்க. ஏணி மேல நின்னு கழுத்தை அண்ணாந்து அண்ணாந்து, ராத்திரி கழுத்து திரும்பாது. கை சோப்புல வெடிச்சுப் போய், தைக்கிற நூல் அந்த வெடிப்புல மாட்டும். "ஏன் அண்ணி, உங்களுக்கென்ன தலையெழுத்தா"ன்னு நான் கத்துவேன். "கத்தாம அந்தப் பக்கக் கிளையை இழுத்துப் பிடி"ம்பாங்க.

எறும்புதான் எமன். மாவுப்பூச்சி கழியற பாகுக்காக எறும்பு அதுங்களைக் காவல் காக்குது, இடம் மாத்தி வேற கொண்டு போய் விடுது. அடிமரத்துல துணியைச் சுத்தி, அது மேல கிரீஸைத் தடவினாங்க. ரெண்டு நாள் எறும்பு திணறிச்சு. மூணாம் நாள் பார்த்தா மரம் பூரா எறும்பு. எப்படி ஏறிச்சுன்னு எங்க மூணு பேருக்கும் தலை சுத்துது. அண்ணன்தான் நாற்காலியில சாய்ஞ்ச மேனிக்கே கண்டுபிடிச்சான். துணி காயப் போடற கொடியோட ஒரு நுனி மரத்துலதானே கட்டியிருக்கு! என் சுடிதார் மேலயே நடந்து ஜம்முன்னு போகுது. கொடியை அவுத்தா டிவி கேபிள் வழியா வந்துச்சு. கேபிளை நகர்த்தினா, சுவர் மேல சாய்ஞ்ச கிளை வழியா. "இதுங்களுக்கு நம்ம மாநகராட்சியை விட நல்ல ரோடு இருக்கு"ன்னான் அண்ணன். சிரிக்கப் போய் இருமல் வந்து, அண்ணி ஓடி வந்து முதுகைத் தடவினாங்க.

பழ ஈ வேற. பிஞ்சுல ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருக்கும், பழுத்ததும் பிளந்தா உள்ள புழு நெளியும். அண்ணி பழைய கொசுவலையைக் கிழிச்சு, பழத்துக்குப் பழம் சின்னச் சின்னப் பை தைச்சாங்க. வாய் சுருக்கற கயிறு வச்சு, அளவு எடுத்த மாதிரி. ஊர்ல யார் வீட்டுக் கொய்யாவுக்கும் இப்படி ஒரு தையல் உடுப்பு கிடைச்சிருக்காது. ஆனா முதல் ஈட்டுல எலுமிச்சை அளவு வந்த பிறகு பையை மாட்டினாங்க. ஈ அதுக்கு முன்னாடியே முட்டை வச்சுட்டுப் போயிருக்கு. திருடனை உள்ள விட்டுட்டுக் கதவைப் பூட்டின கதை. பை பையா அவுத்தா எல்லாத்துலயும் புழு. அத்தனையையும் ஒரு வாளியில கொட்டி, தண்ணி ஊத்தி, மூடி வச்சு அழுக விட்டோம். அன்னைக்கு மட்டும்தான் அண்ணி அழுதாங்க. மிஷின் பெடலை மிதிச்சுக்கிட்டே அழுதாங்க. சத்தம் கேட்கக் கூடாதுன்னு.

அண்ணனுக்கு இதெல்லாம் பார்க்கப் பிடிக்கலை. இதைச் சொல்லித்தான் ஆகணும். அவன் கண் எதிர்ல, அவன் வேலையை அவன் பொண்டாட்டி டூத்பிரஷ் வச்சுக்கிட்டுச் செய்யறாங்க. "நான் ஒரு தொட்டி அடிச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்"னு முணுமுணுப்பான். "அடிச்சுக் கிழிச்சது போதும், பேசாம இரு"ன்னு நான் ஒரு அதட்டல் போடுவேன். அவன் முகம் சுருங்கும். அப்புறம் கொஞ்ச நேரம் அவன் பக்கம் திரும்பவே எனக்கு மனசு வராது.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் கடையில இருந்து ஒரு லென்ஸ் எடுத்துட்டு வந்தேன், அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கலாம்னு. கிளையில சின்னதாப் பத்து வெள்ளை, நடுவுல பெருசா ஒரு வெள்ளை. எல்லாம் ஒரே ஜாதின்னுதான் நினைச்சோம். பெருசு தாய், சிறுசு குஞ்சுன்னு அண்ணி பெருசாப் பார்த்துப் பார்த்து முதல்ல தேய்ச்சு எடுப்பாங்க. லென்ஸை வச்சுப் பார்த்தா, அந்தப் பெருசு சிறுசைப் பிடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு! "ஐயையோ அண்ணி"ன்னு கத்தினேன். அண்ணியும் பார்த்தாங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்தோம். ஒண்ணைக் கிளையோட ஒடிச்சுக் கண்ணாடி பாட்டில்ல போட்டு, தினமும் மாவுப்பூச்சி இருக்கற இலையாப் பறிச்சுப் போட்டு வச்சோம். கொஞ்ச நாள்ல அதுல இருந்து ஒரு குட்டிப் பொறிவண்டு வெளிய வந்துச்சு. கறுப்பு முதுகு, காவித் தலை. பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை வேஷம் போட்டுக்கிட்டு உள்ள புகுந்து தின்னுக்கிட்டு இருந்திருக்கு. நாங்க இத்தனை நாளா நம்ம பக்கத்து ஆளைத்தான் தேடித் தேடிக் கொன்னிருக்கோம்.

அண்ணி டூத்பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டாங்க. சோப்புத் தண்ணியையும் நிறுத்திட்டாங்க. எறும்பை மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுக் காவல் காத்தாங்க. எறும்பு போனதும் பெரிய வெள்ளைங்க பெருகுச்சு, சின்ன வெள்ளைங்க குறைஞ்சுது. புதுத் தளிர் பிசுக்கில்லாம பளபளன்னு வந்துச்சு. இந்தத் தடவை பிஞ்சா இருக்கும்போதே மாட்டின பையில பழம் புழுவில்லாமப் பழுத்துச்சு. ஒண்ணை அறுத்து அண்ணனுக்குக் குடுத்தாங்க. அண்ணி முகத்துல அன்னைக்கு இருந்த சிரிப்பைப் பார்த்து எனக்குக்கூட நம்பிக்கை வந்துடுச்சு. நம்பினேன் பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை, யாரைன்னுதான் தெரியலை.

"அது நல்ல பூச்சிங்க"ன்னு அண்ணி சொன்னப்ப அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சான். "காலம் பூரா பூச்சியைக் கொன்னவன்கிட்ட வந்து நல்ல பூச்சி கெட்ட பூச்சின்னு கதை சொல்றியே. இருக்கறதுலயே பெருசா இருக்கறது நல்லதா?" அண்ணி லென்ஸைக் குடுத்தாங்க. அவன் கை நடுங்கினதுல ஒண்ணும் தெரியலை. பாட்டில்ல இருந்த வண்டைக் காட்டினாங்க. "இது வெளியில இருந்து உள்ள போயிருக்கும்"னுட்டான்.

கார்க்காரரும் அதேதான் சொன்னார். காய்ப்பு முடியற சமயம், சுவருக்கு மேல எட்டிப் பார்த்தவர் கண்ணுல அந்தப் பெரிய வெள்ளைங்கதான் பட்டுச்சு. "என்ன சிஸ்டர் இது, ஒழிச்சுடறேன்னீங்க, இப்ப முன்னைவிடப் பெருசா வளர்ந்து நிக்குதே!" அண்ணி சொல்லிப் பார்த்தாங்க. லென்ஸைக் குடுத்துப் பாருங்கன்னாங்க. அவர் பாவமா என்னைப் பார்த்தார், இவங்களுக்கு நிஜமாவே மரை கழண்டுடுச்சுன்னு நினைச்ச மாதிரி. "உங்க கஷ்டம் புரியுது சிஸ்டர். ஆனா எத்தனை நாள்தான் பொறுக்கறது? ஞாயித்துக்கிழமை கம்பெனி ஆள் வர்றான். பவர் ஸ்பிரே. ரெண்டு பக்கமும் நல்லா நனைச்சு அடிச்சுடுவான். நீங்க சாரை வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க." நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். அண்ணி ரெண்டு கையையும் கூப்பி, "இன்னும் கொஞ்ச நாள், தானா சரியாயிடும் சார், கண்ணால பார்க்கறேன்ல"ன்னாங்க. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடணும்னு ஆத்திரம்.

இத்தனையும் அண்ணன் நாற்காலியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தான். பவர் ஸ்பிரேன்னா என்னன்னு எங்க ரெண்டு பேரையும்விட அவனுக்கு நல்லாத் தெரியும்.

சனிக்கிழமை நான் கடைக்குப் போயிட்டேன். அண்ணி, தைச்ச யூனிஃபார்மை ஸ்கூல்ல குடுத்துட்டு, அப்படியே ஞாயித்துக்கிழமைக்கு அண்ணனைக் கொண்டு போய் வைக்க ஒரு ரூம் பார்த்துட்டு வர்றேன்னு கிளம்பினாங்க. அந்த நேரத்துலதான் அண்ணன் பழைய கம்பெனிக்காரன் ஒருத்தனுக்கு ஃபோன் பண்ணி மருந்தும் கைப் பம்பும் வரவழைச்சிருக்கான். அவன் யோசிச்சது அவனுக்குச் சரி. நாளைக்கு வர்றவன் தொட்டி தொட்டியா ஊத்துவான், தெருவே நாறும். அதுக்கு நான் இன்னைக்கே கொஞ்சூண்டு, இருக்கற இடமாப் பார்த்து அடிச்சுட்டா, பூச்சியும் போகும், நாளைக்கு அவன் வர வேண்டிய அவசியமும் இல்லை. எவ்வளவு கலக்கணும், எந்தப் பக்கம் நிக்கணும், காத்து எப்ப அடங்கும், எல்லாம் எனக்குத் தெரியாததா. அப்படித்தான் நினைச்சிருக்கான். ஜென்மத்துல முதல் தடவையா மாஸ்க்கை ஒழுங்காப் போட்டிருக்கான். அது மேல ஈரத்துண்டு வேற கட்டியிருக்கான். நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, கிளை கிளையா அடிச்சிருக்கான்.

நான் தெருமுனை திரும்பும்போதே வாடை வந்துச்சு. அந்த வாடையோட அத்தனை வருஷம் இருந்தவ நான், எனக்கு அது தெரியாமப் போகாது. ஓடினேன். அண்ணி எனக்கு முன்னாடியே வந்திருந்தாங்க. அவனை வாசல் பக்கம் இழுத்துட்டு வந்து மடியில சாய்ச்சு வச்சிருந்தாங்க. உதடு நீலமாயிருந்துச்சு.

"கொஞ்சம்தான் அடிச்சேன்"ன்னான். "காத்து பார்த்துத்தான் நின்னேன்."

"பேசாதீங்க. வண்டி வந்துட்டு இருக்கு. பேசாதீங்க."

"அந்தாள்கிட்ட சொல்லிடு... நாளைக்கு வர வேண்டாம்னு. வேலை முடிஞ்சுதுன்னு."

"சொல்றேங்க."

"நீ இனிமே ஏணியில ஏறாதே."

ஆஸ்பத்திரியில அவனுக்கு மூச்சை மிஷின் விட்டுச்சு. கொஞ்ச நாள் விட்டுச்சு. அதே டாக்டரம்மாதான். எங்களை ஒண்ணும் கேட்கலை, திட்டலை. திட்டியிருக்கலாம். யாராவது எங்களைத் திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். ஒரு விடியக்காலையில மிஷினும் நின்னுச்சு. எங்க அண்ணன் போயிட்டான்.

கார்க்காரர் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நிஜ அழுகைதான். "நான் அவசரப்பட்டுட்டேன் சிஸ்டர்"ன்னார். எனக்கு அவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும்னு இருந்துச்சு. அண்ணி அவருக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

மரம் சுத்தமாயிடுச்சு. அதையும் சொல்லணும். ஒரு வெள்ளை இல்லை. தெருவுல ரெண்டு பேர் என் காதுபடவே பேசினாங்க, பார்த்தியா, ஒரு அடியில போச்சு, இதை அன்னைக்கே அடிச்சிருந்தா அந்த அம்மா இத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்னு. நான் நின்னு அவங்க முகத்தையே பார்த்தேன். என் வாய் அடைச்சுப் போனது வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான்.

சுத்தம் ரொம்ப நாள் நிக்கலை. மருந்துல மாவுப்பூச்சி செத்த மாதிரி பொறிவண்டும் செத்துப் போச்சு. பட்டை இடுக்குல ஒளிஞ்சு மிச்சம் இருந்த மாவுப்பூச்சி திரும்ப வந்துச்சு. அதைத் தின்ன ஆளில்லை. இந்தத் தடவை கிளை தெரியாத அளவுக்கு அப்பிக்கிச்சு. எறும்பு சாரை சாரையா ஏறிச்சு. அண்ணி பார்த்தாங்க. மிஷின்ல உட்கார்ந்த இடத்துல இருந்து எழுந்திருக்கலை.

கார்க்காரர் எங்க வாசல்கிட்ட வந்து நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பிப் போனார். கார் மேல போர்வை போட்டு மூடிப் பார்த்தார். அவர் எலுமிச்சை கருக ஆரம்பிச்சுது. கடைசியில ஒரு நாள் உள்ள வந்து, கேட்கவும் முடியாம, கேட்காம இருக்கவும் முடியாம, செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னார்.

அண்ணிதான் பேசினாங்க. "அடிச்சுக்கோங்க சார். இனி இந்த வீட்டுல யாருக்கு என்ன."

நான் அண்ணியை ஒரு பார்வை பார்த்தேன். இத்தனை நாள் எதுக்காகப் போராடினாங்களோ அதை அப்படியே தூக்கிக் குடுத்துட்டாங்களே! "நான் இல்லையா அண்ணி, நீங்க இல்லையா, நம்ம மூச்சு மூச்சில்லையா"ன்னு கேட்டேன். அவங்க ஒரு பேண்ட்டோட கீழ்மடிப்பைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. பிரிச்சு முடிச்சு, திரும்பவும் மடிச்சு அதையே தைச்சாங்க.

கம்பெனி ஆள் வந்தான். மோட்டாரை வாசல்ல வச்சுட்டுக் குழாயை இழுத்துக்கிட்டுக் கொல்லைக்கு வந்தான். மாஸ்க் அவன் கழுத்துல தொங்கிச்சு. அண்ணி அவன்கிட்ட போய், "மூக்குக்கு மேல போடுப்பா"ன்னாங்க. அவன் சிரிச்சுட்டு, "பழகிடுச்சும்மா, நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோங்க"ன்னான். அண்ணி போகலை. மோட்டார் ஓட ஆரம்பிச்சுது. புகை மாதிரி அது கிளையெல்லாம் போர்த்திக்கிட்டுக் கீழ இறங்குது. அண்ணி மரத்தடியிலயே நிக்கறாங்க.

"அண்ணி, வாங்க உள்ள! உங்களைத்தான்!"

"நீ போ பாப்பா."

"என்ன கூத்து இது, வாங்கன்னா வாங்க!" கையைப் பிடிச்சு இழுத்தேன். அசையலை.

"உங்க அண்ணன் எத்தனை வருஷம் இதுக்குள்ள நின்னாரு," அண்ணி சொன்னாங்க. "நான் கொஞ்ச நேரம் நின்னா என்ன."

எனக்கு இருமல் பொத்துக்கிட்டு வந்துச்சு. கண்ணெல்லாம் எரியுது. இழுக்கத் தெம்பில்லாம, என் கையால அவங்க மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினேன். அண்ணி என் கையை மெதுவா எடுத்து விட்டுட்டாங்க.